மதகுத் தொட்டியின் மீன்கள்

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வால்வெட்டியின் வாலில் இருக்கும் வெட்டு நேற்றுவரை கீழ்ப்பக்கம் இருந்தது. இன்று காலை மேல்பக்கம் இருக்கிறது.

நீ சிரிப்பாய். வால்வெட்டி ஒரு மீன். பெயர் நான் வைத்தது. வேலை கிடைத்த விஷயத்தை இரண்டே வரியில் எழுதிவிட்டேன் என்று போன கடிதத்தில் திட்டியிருந்தாய் அல்லவா, அதனால் இந்த முறை முழுதாக எழுதுகிறேன்.

சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரையும் தாது கழுவிய தண்ணீரையும் மேலே இறைத்துக் குளங்களில் விடுகிறார்கள். தண்ணீரிலிருக்கும் அமிலம் முறிய அங்கே சுண்ணாம்பு கலப்பார்கள். அது அப்பாவின் வேலை என்பது உனக்குத் தெரியும். வண்டல் அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை மதகு வழியாக ஆற்றில் திறந்துவிடுவார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி. ஆற்றுக்குப் போகிற தண்ணீரில் கொஞ்சம் குழாய் வழியாக இந்தத் தொட்டிக்குள் வந்து சுற்றிவிட்டுப் போகும். தொட்டியில் கெண்டைக் குஞ்சுகள். மீன்கள் உயிரோடு இருந்தால் தண்ணீர் போகலாம். கூட்டமாகச் செத்தால் வெளியே கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். கொடியைப் பார்த்ததும் மதகுக்காரர் சக்கரத்தைச் சுற்றி மதகை இறக்கி மூடிவிடுவார். காலையிலிருந்து மாலைவரை மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வேலை.

யாரிடமும் பேச வேண்டியதில்லை அக்கா. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவளுக்கு வேறென்ன வேண்டும்.

முதல் வாரம் ஒரு மீன் செத்தது. ஒன்று செத்தால் கணக்கில்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய புருவத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. "இனிமே ஒண்ணும் சாகாது, நீ வேணா பாரு" என்றார். அவர் சொன்ன மாதிரியே அன்றிலிருந்து ஒன்றுகூடச் சாகவில்லை.

அதனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் ஊருக்கு வருகிற ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். மீன்கள் அத்தனையும் உயிரோடு இருக்கின்றன. பயப்படாமல் குடி. பாப்பாவுக்கும் கொடு.

வால் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "நேத்து நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்திருப்ப" என்றார். அந்தப் பக்கம் நின்றால் இடம் வலமாகும், வலம் இடமாகும். மேல் எப்படிக் கீழாகும் அக்கா?

உன் தங்கை


ஆகஸ்ட் 11

என் வாயில்லாப்பூச்சிக்கு,

மேல் எப்படிக் கீழாகும் என்று என்னையா கேட்கிறாய்? கல்யாணம் பண்ணிக்கொள், தானாகத் தெரியும்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அடேங்கப்பா, மீனுக்குக் காவலா? மீன் ஓடிப்போயிடுமா என்ன?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அவரே, "இல்ல, நல்ல வேலதான். நம்ம ஆத்துக்கு நம்ம வீட்டுப் பொண்ணே காவல்" என்று படகுத்துறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ இங்கே பெரிய ஆளாகிவிட்டாய்.

எங்கள் கிணறு உப்பு என்று முன்பே எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் பாறை ஊற்றுவரை நடந்து போய்க் குடிதண்ணீர் கொண்டுவந்தேன், இடுப்பில் குடம், தோளில் பாப்பா. உன் கடிதம் வந்த அன்றே அதை விட்டுவிட்டேன். இப்போது படியில் இறங்கினால் தண்ணீர்.

என்ன தண்ணீர் தெரியுமா! இந்த ஆறு இப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. நீ சின்னவளாக இருந்தபோது நம் வீட்டில் இருந்த கண்ணாடிக் குவளையைப் போல இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை இங்கிருந்தே எண்ணலாம். ஒரு பாசி இல்லை, தூசி இல்லை. படகில் ஏறுகிறவர்கள்தான் பயப்படுகிறார்கள். கீழே பார்த்தால் தண்ணீரே தெரியவில்லை. படகின் நிழல் மட்டும் ஆற்றடியில் தனியாக நகர்ந்து வருகிறது. படகு ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்று நேற்று ஒரு அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அக்கரை வந்த பிறகும் திறக்கவில்லை. "எறங்குங்கம்மா, கரை வந்தாச்சு" என்று மாமா கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பாப்பா படியில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அப்படி என்னடி தெரிகிறது என்று நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாததை ஒரு குழந்தை இவ்வளவு நேரம் பார்க்குமா?

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ சோறு தின்னாமல் படுத்தால் பக்கத்தில் வந்து உட்காருகிறார். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது அவருக்குப் பேருந்து கிடைக்கவில்லை போலிருக்கிறது. படகு ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டது அவ்வளவு பெரிய குற்றமா? சரி, விடு. நீ அவர் பெண். நான் யாரோ.

அதற்காகக் கடிதம் எழுதாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படியெல்லாம் எழுதாதே. அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை, அது உண்மை. ஆனால் உன் கடிதம் வரும் நாளில் நான் படித்து முடிக்கும்வரை அதே அறையில் ஏதாவது செய்துகொண்டிருப்பார். போனமுறை ஏற்கெனவே துடைத்த விளக்கை மறுபடியும் துடைத்தார்.

நான் சொல்லப்போவதை மாமாவுக்கு வாசித்துக் காட்டாதே.

மீன்களுக்கு என்னைத் தெரியவில்லை.

முன்பெல்லாம் என் நிழல் கண்ணாடியில் விழுந்ததும் எல்லாம் மேலே வந்துவிடும், தீனிக்கு. இப்போது காலையில் நான் கதவைத் திறந்தால் அத்தனையும் தூரத்து மூலைக்கு ஓடுகின்றன. தலையைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன. என்னைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொண்டுபோய் விட்டபோது நான் நின்றேனே, அதே மாதிரி. மதியத்துக்குமேல் கொஞ்சம் பழகும். ஒன்றிரண்டு விரல் பக்கம் வரும். மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் மூலை. ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு முதல் நாள்.

இன்னொன்று. மாலை ஆக ஆக அவை சோர்ந்துவிடுகின்றன. நிறம் மங்குகிறது. மேலே வந்து வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றை விழுங்குகின்றன. நான் அறையைப் பூட்டும்போது எல்லா வாய்களும் மேலே வரிசையாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், சத்தமே இல்லாமல். காலையில் வந்தால் பளபளவென்று இருக்கின்றன. நேற்று மாலை என்று ஒன்று நடக்கவே இல்லாத மாதிரி.

அறையில் இருக்கும் குறிப்புப் பலகையில் எழுதிவைத்தேன், மாலையில் மீன்கள் சோர்கின்றன என்று. மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "ஏம்மா, சாயங்காலம் ஆனா நானும்தான் சோந்துபோறேன். எனக்குக் கொடி ஏத்துவியா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

தொட்டியின் வெளிப்பக்கம் காலையில் ஈரமாக இருக்கிறது. யாரோ கையால் துடைத்த தடம் போல. சாவி என்னிடம் ஒன்றும் அப்பாவிடம் ஒன்றும்தான் இருக்கின்றன. அப்பாவிடம் கேட்டால், "தண்ணி தெறிச்சிருக்கும்மா, மீன் துள்ளாதா?" என்கிறார். கேட்டுக்கொண்டே இருந்தால் உண்ணாமல் எழுந்துவிடுவார் போலிருக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

மதிய இடைவேளையில் மதகுக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் நீ சொன்ன மாதிரியே கண்ணாடிதான். ஆனால் கற்களின் மேல் துருப்பிடித்த நிறத்தில் ஒரு பூச்சு. ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லுக்கு அடியில் எப்போதும் புழுக்கள், கால் முளைத்த சின்னப் பூச்சிகள் நெளியுமே, சின்ன வயதில் நீ எடுத்து என் கையில் விட்டுப் பயமுறுத்துவாயே, அவை இல்லை. அடுத்த கல். அதற்கடுத்த கல். எத்தனை புரட்டியும் ஒன்றும் நெளியவில்லை. நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன், தவளைச் சத்தமும் இல்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஆற்றில் ஒன்றும் இல்லை, தொட்டியில் மட்டும் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ அக்கா?

உன் தங்கை


ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

விளையாட்டாக எழுத இன்று மனசு இல்லை. உனக்குப் புத்தி பிசகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் வீட்டு வாத்துகள் தண்ணீரில் இறங்குவதை நிறுத்திவிட்டன. படியில் வரிசையாக நின்று ஆற்றைப் பார்க்கின்றன. கோலால் விரட்டினால் கலைந்து ஓடி மறுபடியும் வந்து அதே இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு ஆற்று நத்தைகளைப் பொறுக்கிப் போட்டேன். ஓடு கையிலேயே நொறுங்கிவிட்டது, வெந்த முட்டையின் தோல் மாதிரி. பாதிக்குமேல் உள்ளே நத்தையே இல்லை.

நேற்று முன்தினம் மாமா ஆற்றுத் தண்ணீர் சேராத மேல்மடுவில் நல்ல மீனாகக் கொஞ்சம் பிடித்து, சந்தைவரை உயிரோடு இருக்கட்டும் என்று கூடையோடு துறையில் தண்ணீருக்குள் இறக்கிக் கட்டிவைத்தார். எப்போதும் செய்கிறதுதான். காலையில் தூக்கினால் அத்தனையும் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. செவுளைத் திறந்து பார்த்தேன். சிவப்பே இல்லை. கோழை மாதிரி ஏதோ அப்பி அடைத்திருந்தது. தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

அதே ஆற்றில் உன் மீன்கள் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

பாப்பாவுக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை. எதைக் கொடுத்தாலும் வெளியே வருகிறது. மருந்துக்கடைக்காரர் வெயில் என்கிறார். பாறை ஊற்றுக்கே மறுபடியும் போகலாமா என்று கேட்டேன். மாமா, "ஒன் தங்கச்சியே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா. குடிக்கலாம்னு அவளே எழுதியிருக்கா. அப்புறம் என்ன?" என்கிறார். ஊரில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். உன் பேச்சை நம்பிப் படித்துறையில் குடம் நிரப்புகிறார்கள். நீ வாழ்நாளில் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு வால் வேண்டாம், நிழல் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல். அந்த மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா, இல்லையா?

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

இல்லை.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று காலை அப்பா எழுந்து கிளம்பும்போது நானும் எழுந்துவிட்டேன். எப்போதும் அவர் போய் நெடுநேரம் கழித்துத்தான் நான் போவேன். இன்று அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து பின்னாலேயே போனேன். விடிந்துகொண்டிருந்தது. அவர் சுண்ணாம்புக் கொட்டகைக்குப் போகவில்லை. மதகுக்கு மேலே இருக்கிற நல்லதண்ணீர்க் குட்டைக்குப் போனார். குஞ்சுகள் வளர்க்கிற இடம் அது. வலைக்கரண்டியால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே நின்று பார்த்தேன்.

தொட்டியில் மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அப்பா என் முக்காலியின் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாக எடுத்தார். வீசி எறியவில்லை அக்கா. தூங்குகிற குழந்தையை எடுக்கிற மாதிரி எடுத்து ஈரச் சாக்கில் வைத்தார். பிறகு வாளியிலிருந்து புது மீன் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, செத்த மீனோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். புள்ளி ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தார். ஒத்துவந்தவை தொட்டிக்குள் போயின. கடைசியாக ஒரு மீனைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து நகம் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்தார். வாலைக் கொஞ்சமாக நறுக்கினார். மேலா கீழா என்று ஒரு நிமிஷம் யோசித்த பிறகுதான் நறுக்கினார்.

நான் உள்ளே போனேன். அவர் திரும்பிப் பார்த்தார். கையில் மீன் துடித்தது.

"எப்பலேருந்துப்பா?" என்றேன்.

"மொத மீன் செத்தப்ப நீ சாப்பிடாம படுத்தியே. அதுலேருந்து."

"எல்லாத்தையுமா?"

"மொதல்ல ஒண்ணு ரெண்டுதான். இப்பதான்..." என்று தொட்டியைப் பார்த்தார். "சுண்ணாம்பு பத்தலம்மா. பாதி மூட்டதான் வருது. சொல்லிட்டேன். லாரி வரும், வரும்கிறாங்க."

"மீன் செத்தா மதக மூடணும்ப்பா. அதுக்குத்தானே இந்த மீனு?"

"தெரியும்" என்றார். கத்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இந்த வேலைக்கு வந்தப்பறம்தான் நீ வீட்ல வாய தொறந்து பேசுற. வால்வெட்டி இன்னிக்கு இப்படிப் பண்ணிச்சு, அப்படிப் பண்ணிச்சுன்னு. காலைல நீ வந்து செத்ததப் பாத்தின்னா மறுபடியும் செவுத்தப் பாத்துப் படுத்துப்ப. அதான்" என்றார்.

நான் உன் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது என்றார்.

"அக்கா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறா" என்றேன்.

"அவங்க ஊர்லதான் கெணறு இருக்கே."

"அது உப்புப்பா. பாப்பாவும் இதத்தான் குடிக்குது. நான்தான் குடிக்கச் சொல்லி எழுதினேன். இப்ப அதுக்கு வயித்தால போகுது, நிக்கவே இல்ல."

அப்பா முக்காலியிலிருந்து இறங்கினார். உனக்குப் பிள்ளை பிறந்தது அவருக்குத் தெரியும். என்ன பிள்ளை என்று இதுவரை கேட்டதில்லை.

"பொண்ணா?" என்றார்.

ஆமாம் என்றேன். வாளியில் மீதி இருந்த மீன்கள் தண்ணீரைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தொட்டியில் அவர் விட்ட மீன்கள் மூலையில் தலை வைத்து நின்றன. என்னைத் தெரியாத மீன்கள். எத்தனை நாள், எத்தனை கூட்டம் இப்படி வந்து நின்றிருக்கும் என்று கணக்குப் போட முடியவில்லை. எல்லாவற்றிடமும் ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவற்றை வலைக்கரண்டியால் அள்ளி வாளியில் போட்டேன். வால் நறுக்கிய மீனை அப்பாவே கொடுத்துவிட்டார். சாக்கிலிருந்த செத்த மீன்களை எடுத்து முன்பு மிதந்தபடியே தொட்டியில் விட்டேன். வெளியே போய்க் கொடியை ஏற்றினேன். கயிறு புதுசு, முறுக்கு விடவில்லை, கை கன்றிப்போயிற்று.

மதகுக்காரர் கொடியை நம்பாமல் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தைச் சுற்றினார். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "நேத்துவர துள்ளிக்கிட்டு இருந்துச்சு, ஒரே ராத்திரியில எல்லாம் எப்படிம்மா சாகும்? என்ன விளையாட்டா?" என்று கத்தினார். நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்பாதான், "ஒரே ராத்திரி இல்லீங்க, தெனமும் செத்துச்சு. நான்தான் மாத்தி மாத்தி விட்டேன். பொண்ணுக்குத் தெரியாது" என்றார். அவரை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்விட்டார்கள். போகும்போது புருவத்தைத் துடைத்துக்கொண்டே போனார், இன்னும் சுண்ணாம்பு படியாத புருவத்தை.

மதகு மூடியாயிற்று. ஆனால் நேற்றும் அதற்கு முன்பும் போன தண்ணீர் ஆற்றில்தான் இருக்கிறது, உன்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் உன் கரையில் தொலைபேசி ஏது? நாளை ஞாயிறு. தபால் திங்கள்கிழமை கிளம்பி, மலையைச் சுற்றிக்கொண்டு வரும். தண்ணீர் நேராக வரும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் நீ எத்தனை குடம் நிரப்பியிருப்பாய்?

பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தபால்பெட்டி எதிரிலேயே இருக்கிறது. போடவில்லை.

இந்தக் கடைசி வரிகளைப் பேருந்தில் எழுதுகிறேன். நடத்துனரிடம் உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.